பழைய கணனியின் றாமை மடித்து வைக்கலாம்



சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் மூன்று, ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்லுகின்றன. சங்கத்துக்கு எப்போதோ அன்பளிப்பாகக் கிடைத்த கணனி. கடிதம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, இணையத்தில் ஒரு படிவத்தையும் தேடினால் மவுஸ் அசையாமல் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சிலவேளை பொத்தானை அழுத்தி நிறுத்தித்தான் திரும்பப் போட வேண்டும். ரைப் செய்ததெல்லாம் போய்விடும். கடைக்குக் கொண்டுபோனால் திருத்துகின்ற தம்பி, "இது இனிச் சரிவராது அக்கா, புதுசு ஒண்டு எடுங்கோ" என்கிறார். புதிய கணனி என்றால் ஓர் இலட்சத்துக்கு மேல். சேமிப்புக் குழுவில் மாதாமாதம் சேர்கின்ற காசைக் கொண்டு அதைப் பற்றி நினைக்கவும் முடியாது.

ஒரு கணனி நின்றுபோவது பெரிய விடயமா என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் நிலையத்தில் உள்ள கணனிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அது விளங்கும். தையல் குழுவின் கணக்கு, காணி உத்தரவுப் பத்திரங்களின் படங்கள், பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிகள் எல்லாம் அதிலேதான். ஓர் அம்மாவின் கோப்பு மட்டும் இருநூறு பக்கத்துக்கு மேல். மகனைத் தேடி 2009இலிருந்து அவர் எழுதிய முறைப்பாடுகள், பொலிஸ் பதிவுத் துண்டுகள், 2013இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதம், பின்னர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்தவை என எல்லாவற்றையும் ஸ்கான் செய்து வைத்திருக்கிறோம். அந்தக் கோப்பைத் திறந்தாலே கணனி நின்றுவிடும் நிலை வந்தபோதுதான் நான் இந்த வேலையில் இறங்கினேன். கணனியை மாற்றாமல், காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய ஒரு வழியைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம். கணனியில் பொருள் வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஹாட் டிஸ்க் என்பது அலுமாரி. றாம் என்று சொல்லப்படும் நினைவகம், தையற்காரி துணி வெட்டும் மேசை. அலுமாரியில் எவ்வளவு இருந்தாலும் வேலை நடப்பது மேசையில்தான். மேசை சிறிதாக இருந்து, ஒரே நேரத்தில் நாலு சட்டைத் துணியை விரித்தால் என்ன செய்வீர்கள்? ஒன்றைத் தூக்கி அலுமாரிக்குள் வைப்பீர்கள், அது தேவைப்படும்போது இன்னொன்றை வைத்துவிட்டு அதை எடுப்பீர்கள். கணனியும் அப்படியே செய்கிறது. இதற்கு 'சுவாப்' என்று பெயர். ஆனால் ஹாட் டிஸ்க், றாமுடன் ஒப்பிட்டால் மிக மிக ஆறுதலாக வேலை செய்யும் பொருள். அதனால் எழும்பிப்போய் வருவதிலேயே நேரமெல்லாம் கழிந்து, வெட்டுவது தைப்பது ஒன்றும் நடப்பதில்லை. நாங்கள் காண்பது அசையாத மவுஸ்.

நினைவக அமுக்கம் என்பது, துணியை அலுமாரிக்குக் கொண்டுபோகாமல், இறுக்கி மடித்து மேசையின் ஒரு மூலையிலேயே வைப்பது. இடம்பெயர்ந்த நாட்களில் ஐந்து பேருடைய உடுப்பை ஒரு சேலைக்குள் கட்டத் தெரிந்திருந்த எங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. மடிப்பதற்கும் விரிப்பதற்கும் கை வேலை உண்டு. அந்த வேலையைச் செய்வது புரொசெசர். பழைய புரொசெசர் என்றாலும், ஹாட் டிஸ்கிற்குப் போய்வருவதை விட மடித்து விரிப்பது பல மடங்கு கெதியாக முடிந்துவிடும்.

ஆனால் எல்லாம் மடியாது. எழுத்து, கணக்கு அட்டவணை, இணையப் பக்கங்களின் உள்விபரம் ஆகியவை நன்றாக அமுங்கும். கமராவில் எடுத்த படங்களும் வீடியோவும் ஏற்கெனவே அமுக்கியே சேமிக்கப்பட்டவை. பனங்களியைக் காயவைத்துப் பினாட்டாக்கிய பிறகு அதை இன்னும் எவ்வளவுதான் அழுத்துவது? ஆகவே படம் பார்ப்பதற்குத்தான் கணனி என்றால் இந்த வைத்தியம் அதிகம் உதவாது.

கணனி ஆறுதலாவது எப்போதும் றாமினால்தான் என்றும் எண்ணிவிடக் கூடாது. நின்றுபோகும் நேரத்தில் பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள சிறிய லைற்றைக் கவனியுங்கள். அது அணையாமல் எரிந்துகொண்டே இருந்து, உள்ளே 'கறகற' என்று சத்தமும் கேட்டால், அது பெரும்பாலும் அலுமாரிக்கும் மேசைக்கும் இடையிலான ஓட்டம். லைற் எரியாமல் விசிறி மட்டும் இரைந்து கத்தினால் பிரச்சினை வேறு. திடீரென்று தானாகவே அணைந்துபோனால் பெட்டியைத் திறந்து புழுதியைப் பாருங்கள். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி விசிறிக்குள் களிமண்ணாக இறுகிப்போய் இருக்கும். கறண்டைக் கழற்றிவிட்டு ஒரு மெல்லிய தூரிகையால் துடைத்தாலே பாதிக் கணனிகள் உயிர்பெறும் என்பது என் அனுபவம்.

றாம்தான் காரணம் என்று தெரிந்தால், முதலில் கேட்க வேண்டியது இன்னொரு றாம் துண்டு போட இடமுண்டா என்பதே. துணியை மடிப்பதை விட மேசையைப் பெருப்பிப்பது நல்லதல்லவா? பழைய பலகைகள் பலவற்றில் டிடிஆர்-2 வகைதான் பொருந்தும். டிடிஆர்-3 வகைத் துண்டில் வெட்டு வேறிடத்தில் இருக்கும், அழுத்திச் செருகினால் பலகை உடைந்துவிடும். வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கள் கணனி கோர் 2 டுவோ என்ற வகை. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு ஜிபி போட்டு மொத்தம் 2 ஜிபி. அதற்குப் பொருத்தமான பெரிய துண்டு நான் தேடிய கடைகளில் இல்லை. அதனால்தான் மென்பொருள் பக்கம் போனேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "றாமை இருமடங்காக்கும்" என்று சொல்லி இணையத்தில் இலவசமாகவும் காசுக்கும் பல மென்பொருள்கள் கிடைக்கும். இந்த ஆசையை வைத்துப் பிழைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். 1995இல் அமெரிக்காவில் 'சொப்ட்றாம் 95' என்றொரு மென்பொருள் இப்படித்தான் விற்கப்பட்டது. ஆராய்ந்து பார்த்தவர்கள், அது எதையும் அமுக்கவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். 1996இல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அதன் விளம்பரங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. இப்போது 'பூஸ்ரர்', 'கிளீனர்' என்று வருபவற்றில் பல, மேசையில் இருப்பதை அவசரமாக அலுமாரிக்குள் தள்ளிவிட்டு "பாருங்கள், மேசை வெறுமையாகிவிட்டது" என்று காட்டுகின்றன. அடுத்த நிமிடமே அதெல்லாம் திரும்ப வரவேண்டும். அவற்றோடு வைரஸ் வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் இவற்றை எந்தச் சங்கத்துக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

உண்மையான அமுக்கம் இப்போது கணனியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10இல் 2015இலேயே மைக்ரோசொப்ட் இதைச் சேர்த்துவிட்டது. உங்களிடம் அது இருந்தால் ராஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸ் பகுதியில் மெமறி என்பதைப் பாருங்கள். பாவனையில் உள்ள அளவுக்குப் பக்கத்திலேயே அமுக்கப்பட்ட அளவும் காட்டப்படும். அது எப்போதும் பூச்சியமாகவே இருந்தால், யாரோ 'சிஸ்மெயின்' என்ற சேவையை நிறுத்தியிருக்கக்கூடும். கணனியைக் கெதியாக்குகிறோம் என்று சொல்லிச் சிலர் செய்யும் வேலை இது. அதை நிறுத்தினால் அமுக்கமும் நின்றுவிடும். சேவைகள் பட்டியலில் அதைத் திரும்ப இயங்கவிட்டுக் கணனியை மீளத் தொடக்க வேண்டும். விண்டோஸ் 7இல் இந்த வசதி இல்லை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2020 ஜனவரியோடு நின்றன. விண்டோஸ் 10இற்கும் 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது.

எங்கள் கணனியில் இருந்தது விண்டோஸ் 7. அதை எடுத்துவிட்டு டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை, எக்ஸ்எப்சிஈ என்ற பாரமில்லாத திரையமைப்போடு நிறுவினேன். இது முற்றிலும் இலவசம். உங்கள் கணனி மிகவும் பழைய 32 பிற் வகையென்றால் டெபியனில் 12ஆம் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் அவ்வகைக் கணனிகளுக்கு நிறுவி இல்லை.

நிறுவுவதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுப்பதை மட்டும் தயவுசெய்து நாளைக்கு என்று விடாதீர்கள். புதிதாக நிறுவும்போது ஹாட் டிஸ்க் முழுவதும் அழிக்கப்படும். எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் எடுத்து, இரண்டையும் வேறொரு கணனியில் போட்டுத் திறந்து பாருங்கள். ஒன்று நிலையத்திலும் மற்றது இன்னொருவர் வீட்டிலும் இருக்கட்டும். நான் அந்த அம்மாவிடம், "அம்மா, ஒண்டை நீங்களே வைச்சிருங்கோ" என்று கொடுத்தேன். அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "ஒரிஜினல் துண்டுகள் ரங்குப்பெட்டிக்குள்ள கிடக்குது பிள்ளை. தண்ணிக்குள்ளால தலையில வைச்சுக் கொண்டுவந்தனான். இதையும் அதுக்குள்ளேயே வைக்கிறன்" என்றார்.

இன்னொன்று. நாங்கள் பல வருடம் பாமினி எழுத்துருவில் ரைப் செய்தவர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் பழைய கடிதங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக விளங்காத ஆங்கில எழுத்துகள்தான் வரும். கோப்பு பழுதாகிவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள். விண்டோஸின் பொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும் பென்டிரைவில் எடுத்து வைத்து, லினக்ஸில் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள், பெயரின் முன்னால் ஒரு புள்ளி வைத்துப் 'பொன்ட்ஸ்' என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதற்குள் போட்டுவிடுங்கள்.

டெபியனை நிறுவும்போது, 'றூட்' என்ற தலைமைப் பாவனையாளருக்குக் கடவுச்சொல் கேட்கும் இடம் வந்தால் அதை வெறுமையாக விடுங்கள். அப்போதுதான் உங்கள் சொந்தக் கடவுச்சொல்லைக் கொண்டே நிர்வாக வேலைகளைச் செய்ய முடியும். இதைத் தெரியாமல் ஏதாவது கொடுத்துவிட்டுப் பின்னர் "எனக்கு அனுமதி இல்லை என்கிறதே" என்று திண்டாடுபவர்கள் பலர்.

இனி அமுக்க மென்பொருள். லினக்ஸில் இதன் பெயர் 'இசட்-றாம்'. அதை இயக்கிவைக்கும் பொதியின் பெயர் 'இசட்றாம் ரூல்ஸ்'. சினாப்ரிக் என்ற பொதி நிறுவியைத் திறந்து, தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் இசட், ஆர், ஏ, எம் என்ற நாலு எழுத்தையும் ரைப் செய்தால் பட்டியலில் வரும். குறியிட்டு 'அப்ளை' என்பதை அழுத்துங்கள். மிகச் சிறிய பொதி, டேட்டாக் காசு கரையாது. நிலையத்தில் இணைய இணைப்பு இல்லாவிட்டால், கைத்தொலைபேசியைச் சார்ஜ் வயரால் கணனியில் தொடுத்து, தொலைபேசியில் யுஎஸ்பி ரெதரிங் என்பதைப் போட்டால் போதும்.

"நிறுவினேன், ஆனால் வித்தியாசம் தெரியவில்லை" என்று பலர் சொல்வது இதற்குப் பிறகுதான். காரணம் சின்னது. நிறுவியவுடன் அது எடுத்துக்கொள்ளும் அளவு 256 எம்பி மட்டுமே. அதை நாங்கள்தான் கூட்டிக்கொடுக்க வேண்டும். ரெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, 'சுடோ' என்று ரைப் செய்து இடைவெளி விட்டு, 'நனோ' என்று ரைப் செய்து இடைவெளி விட்டு, பின்னர் அமைப்புக் கோப்பின் முகவரியைக் கொடுக்க வேண்டும். முகவரி இது: சாய்கோடு, ஈ ரி சி, சாய்கோடு, 'டிபோல்ட்', சாய்கோடு, கடைசியாக இசட்-ஆர்-ஏ-எம்-எஸ்-டபிள்யூ-ஏ-பி. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், முகவரிக்குள் இடைவெளி இல்லாமல். என்ரர் அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும். ரைப் செய்யும்போது திரையில் ஒன்றுமே தோன்றாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோட் பழுது என்று நினைக்காமல் முழுதாக ரைப் செய்து என்ரர் அழுத்துங்கள்.

திறக்கும் கோப்பில் ஒவ்வொரு வரியின் முன்னும் கூட்டல் குறியை இரண்டாக அடுக்கியது போன்ற வேலிக்குறி இருக்கும். வேலிக்குறி உள்ள வரியைக் கணனி வாசிக்காது. 'பெர்சென்ற்' என்று தொடங்கி 50 என்று முடியும் வரியைத் தேடி, அதன் முன்னுள்ள வேலிக்குறியை மட்டும் அழியுங்கள். இதனால் றாமின் அரைவாசி அளவுக்கு, அதாவது 2 ஜிபி கணனியில் 1 ஜிபி சாமானை மடித்து வைக்க அனுமதி கிடைக்கிறது. அவ்வளவு றாமையும் அது முன்கூட்டியே பிடித்து வைக்காது. சாமான் வந்தால் மட்டும், மடித்த அளவுக்கு மட்டும் இடத்தை எடுக்கும். 'ஏ எல் ஜி ஓ' என்ற வரி எந்த முறையில் மடிப்பது என்பதைச் சொல்வது. அதை எல்-இசட்-4 என்பதிலேயே விடுங்கள். இசட்-ஸ்ரான்டர்ட் என்ற முறை இன்னும் இறுக்கமாக மடிக்கும், ஆனால் கை வேலை கூட. பழைய புரொசெசருக்கு அது பாரம். கொன்ரோலும் ஓ எழுத்தும், பிறகு என்ரர், பிறகு கொன்ரோலும் எக்ஸ் எழுத்தும் அழுத்தினால் சேமித்து வெளியே வரலாம். கணனியை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, ரெர்மினலில் 'சுடோ' போட்டு இடைவெளி விட்டு, இசட்-ஆர்-ஏ-எம்-சி-ரி-எல் என்று ஒரே சொல்லாக ரைப் செய்யுங்கள். சுடோ போடாவிட்டால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணனி சொல்லும். வரும் அட்டவணையில் 'டிஸ்க் சைஸ்' என்பது நாங்கள் கொடுத்த அனுமதி, 'டேட்டா' என்பது மடிப்பதற்கு முன் இருந்த அளவு, 'ரோட்டல்' என்பது மடித்த பின் உண்மையில் பிடித்த இடம். எங்கள் கணனியில் இரண்டு கடிதமும் கணக்கு அட்டவணையும் ஐந்து இணையப் பக்கமும் திறந்திருந்தபோது, ஏறத்தாழ 600 எம்பி சாமான் 200 எம்பிக்குள் அடங்கியிருந்தது. மிச்சம் பிடித்த 400 எம்பியும் 2 ஜிபி கணனிக்குப் பெரிய இடம். அந்த அம்மாவின் கோப்பு இப்போது திறக்கிறது. படங்கள் நிறைந்த கோப்பு ஆனபடியால் உடனே அல்ல, அரை நிமிடம் போல எடுக்கும். ஆனால் கணனி நிற்பதில்லை, மற்றக் கடிதமும் திறந்தபடியே இருக்கும்.

டிஸ்க் சைஸ் இன்னும் 256 என்றே நின்றால், வேலிக்குறி போகவில்லை, அல்லது சமக்குறிக்கு முன்னோ பின்னோ இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த வரியில் இடைவெளியே இருக்கக் கூடாது. அட்டவணையே வராமல் வெறுமையாக இருந்தாலும் முதலில் அந்த வரியைத்தான் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் முன்பக்க லைற் அணையாமல் எரிந்தால், மடித்து வைக்கும் மூலையும் நிரம்பி, மிச்சம் திரும்பவும் ஹாட் டிஸ்கிற்குப் போகிறது என்று பொருள். 50ஐ 75 ஆக்கிப் பார்க்கலாம். ஆனால் மடித்த மூட்டைகளே மேசை முழுவதும் நிறைந்தால் வெட்டுவதற்கு இடமிருக்காது. அதை விட, பயர்பொக்ஸில் தேவையில்லாமல் திறந்து கிடக்கும் பக்கங்களை மூடுவது நல்லது. எங்கள் நிலையத்தில் ஐந்து பக்கத்துக்கு மேல் திறக்கக்கூடாது என்று கணனிக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறோம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள்தான் அதை மீறுபவர்கள்.

அமுக்கம் போட்ட பிறகு கணனி காரணமில்லாமல் உறைந்தாலோ, மென்பொருள்கள் தாமாக மூடுண்டாலோ, றாம் துண்டே பழுதாக இருக்கலாம். மடித்த மூட்டையில் ஒரு முடிச்சுப் பிழைத்தால் முழுவதையும் விரிக்க முடியாமல் போகும். சினாப்ரிக் வழியாக 'மெம்ரெஸ்ட்' என்ற பொதியை நிறுவினால், கணனி தொடங்கும் பட்டியலில் அது சேர்ந்துகொள்ளும். இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். சிவப்பில் பிழைகள் காட்டினால், இரண்டு துண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சோதித்துப் பழுதானதைக் கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவும் செய்தாலும், மடித்து வைத்தவை இருப்பது றாமில்தான். கறண்ட் போனால் றாமில் உள்ளது எல்லாம் போகும். ரைப் செய்யும்போது ஒவ்வொரு பந்தி முடிவிலும் கொன்ரோலும் எஸ் எழுத்தும் அழுத்துங்கள். லிப்ரே ஒபிஸில் ரூல்ஸ், ஒப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல் என்று போனால், மீட்பு விபரத்தைத் தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று இருக்கும். அதை 2 என்று மாற்றிவிடுங்கள்.